பேர் சொல்லி ஜெபித்தவள்

பொழியூர்க் கடற்கரையில் எந்தக் காலத்திலோ ஒரு மிஷன் துரை கட்டிவிட்டுப் போன பங்களாவைத் தியான வீடு என்பார்கள். எட்டுப் பேர் அங்கே கூட்டாக வாழ்ந்தார்கள். வேலை, சாப்பாடு, ஜெபம் எல்லாம் ஒன்றாகவே. சமையல் புஷ்பபாயின் பொறுப்பு. புருஷன் செத்து, அண்ணன் வீட்டில் நாய்ப்பாடு பட்டு, கடைசியில் வந்து சேர்ந்த இடம் அது. அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

ஐம்பத்து நாலில் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊரே கொந்தளித்தது. போலீஸ் கையில் சிக்கியவனுக்கெல்லாம் அடி. வெள்ளறடைப் பள்ளி வாத்தியார் ரெத்தினதாஸ் முழங்கால் உடைந்து இங்கே வந்து விழுந்தார். வீட்டுப் பெரியவர் வேதமாணிக்கம் அவரை மாடியறையில் ஒளித்து வைத்தார். கஞ்சி கொடுத்ததும் காலுக்கு எண்ணெய் போட்டதும் புஷ்பபாய்தான். வாய்க்கு வாய் அக்கா என்பார் அந்த மனுஷன்.

மூன்றாம் நாள் சந்தையில் கான்ஸ்டபிள் மோகனன் அவளை நிறுத்தினான். "எவனையாவது ஒளிச்சு வச்சிருந்தா, எல்லாத்தையும் வெளிய எறக்கி விட்டு வீட்ட அடச்சுப் பூட்டிருவோம், கேட்டியா?"

அதற்குப் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஜெபம். எல்லோரும் முழங்காலில் நிற்க, ஆளுக்கொரு முறையாக அடுத்தவர் குறையைப் பேர் சொல்லி உரக்க ஜெபிப்பது அந்த வீட்டு வழக்கம். புஷ்பபாயின் முறை வந்தது.

"மாடியிலே படுத்திருக்கிற ரெத்தினதாசுடைய காலைச் சொஸ்தமாக்கும், ஆண்டவரே!"

ஆமென் சொல்லிப் பெரியவர் கண் திறந்தால், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான் மோகனன். அட பாவமே! ஜெபம் முடியும்வரை மரியாதையாகக் காத்து நின்றவன், அப்புறம் நேராக மாடியேறினான். ஆள் கிடைத்ததே போதும் என்று வீட்டைச் சும்மா விட்டுவிட்டார்கள்.

ஒருத்தராவது புஷ்பபாயை ஏசினார்களா? இல்லையே! "அறியாம வந்த தப்பாக்கும் மக்கா, விட்டிரு," என்றார் வேதமாணிக்கம். ஏசியிருந்தால்கூடத் தேவலை. எட்டு மாதம் அவள் வாய் திறந்து ஜெபிக்கவில்லை. முறை வந்தால் அழுவாள். எவ்வளவு இளகின மனசு என்று அதற்கும் ஒரு பாராட்டு. கொடுமை!

விடுதலையான ரெத்தினதாஸ் நேரே தியான வீட்டுக்குத்தான் வந்தார். வலது கால் மடங்கவே இல்லை. அடுக்களை வாசலில் கம்பை ஊன்றி நின்றார்.

"அக்கா, நீங்க அத நெனச்சு உருகுதீங்கன்னு கேட்டேன். கண்ண மூடிட்டா மனசுல உள்ளதுதானே வாயில வரும்? எனக்காகத்தானே ஜெபிச்சீங்க? இண்ணைக்கும் எனக்க பேரச் சொல்லி ஜெபிக்கணும். அதுக்காக்கும் வந்தேன்."

புஷ்பபாய் கஞ்சிப் பானையை இறக்கி வைத்தாள். சொல்லாவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியப்போவதில்லை. சொன்னால் இந்த வீடும் இல்லை, இந்த அக்காவும் இல்லை. ஆனால் மறைக்க அவளால் முடியவில்லை.

"சாரே," என்றாள், "அண்ணைக்கு நான் கண்ண மூடல்ல. வாசல்ல அவனப் பாத்துட்டாக்கும் ஒங்க பேரச் சொன்னேன்."