யோன்காவின் கையில் வளர்ந்த நாவல்

எழுதியவர் இறந்து பதினேழு ஆண்டுகள் கழித்து, 'ஒன்பதாம் நிலா' நாவலின் மூன்றாம் பாகம் டான்யூப் நதிக்கரையிலுள்ள விதின் நகரத்தில், ஒரு செப்டம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை, யோன்காவின் மடியில் முளைத்தது. கணுக்கால் சுளுக்கி வீட்டில் கிடந்தவள், வேறு வழியில்லாமல், கணவன் கிரஸ்தான் திருமணத்துக்கு முன் பரிசளித்த இரண்டு பாகங்களையும் இருபது வருடம் கழித்துத் திறந்திருந்தாள். இரண்டாம் பாகத்தின் கடைசித் தாளுக்கு அப்புறம் இன்னொரு தாள் வந்தது, பிறகு இன்னொன்று. மாலைக்குள் நாற்பது பக்கம் படித்துவிட்டாள்.

கிரஸ்தான் டான்யூப் துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவன். ஊரின் அறிவியல் புனைகதை மன்றத்தைத் தொடங்கியவன். அந்த இரண்டு பாகங்களையும் முப்பத்தொரு முறை படித்தவன். அவன் வாங்கிப் பார்த்தபோது புதிய தாள்கள் வெறும் வெள்ளையாக இருந்தன. அவளிடம் திருப்பிக் கொடுத்ததும் எழுத்துகள் வந்துவிட்டன. அவன் கோட்டும் டையும் அணிந்து, பால்கனியில் உட்கார்ந்து, முப்பத்திரண்டாம் முறை படித்தான். ஒரு தாள்கூட வளரவில்லை. அன்றிலிருந்து மனைவியோடு பேச்சை நிறுத்திக்கொண்டு கூடத்தில் படுத்தான். அடுத்த கோடையில் நான்காம் பாகம் தொடங்கியது. சமையலறையில் அவள் படித்துச் சிரிப்பது கேட்கும். தான் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை என்று நினைக்க நினைக்க அவனுக்கு வயிறு எரிந்தது.

மறு செப்டம்பரில், குளிர்காலத்துக்காக அவள் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தபோது, வாசற்படியில் வந்து நின்றான்.

"கதையில தளபதி ராட்டா உயிரோட இருக்காளா?"

"இருக்கா. கல்யாணமே ஆயிடுச்சு."

"யாரோட?"

"அந்த ஒத்தக்கண்ணனோட."

"அவன் துரோகிடி! முதல் பாகத்துலயே..."

"நீ ரெண்டு பாகம் படிச்சவன். நான் நாலு. பேசாம உக்காந்து தோல உரிய்யா, படிக்கிறேன்."

உட்கார்ந்தான். அவள் சத்தமாகப் படித்தாள். போர் வந்தால் மட்டும் பத்துப் பத்துப் பக்கமாகத் தள்ளினாள்.

"ஏண்டி தாண்டுற? அதுதானே முக்கியம்!"

"எனக்குப் போரடிக்குது."

அவள் தாண்டிய பக்கங்கள் அப்போதே வெளுத்து, பிறகு யாருக்கும் கிடைக்காமல் போயின. கிரஸ்தான் பல்லைக் கடித்துக்கொண்டு தோலை உரித்தான்.

இப்போது ஆறாம் பாகம் நடக்கிறது. சனிக்கிழமைகளில் மன்றத்தார் ஆளுக்கொரு நாற்காலியோடு வந்துவிடுகிறார்கள். போன வசந்தத்தில் யோன்காவைத் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு வாக்கு. யாருடையது என்று எவரும் கேட்கவில்லை. அன்று அவள் படிக்க உட்கார்ந்ததும், கிரஸ்தான் தண்ணீர் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தான். அவள் தொண்டை வறண்டுவிட்டால் அடுத்த வரி அவனுக்குக் கிடைக்காது.