அப்பாவின் பால்பற்கள்

"அப்பா, ஒரே ஒரு தடவ வாயத் தொறங்கப்பா. டாக்டரம்மா பாத்துட்டு விட்டுடுவாங்க."

வடதுருவத்து ஊர் ஒன்றின் மருத்துவ நிலைய நடைவழியில் மண்டியிட்டு ஊலாயு கெஞ்சிக்கொண்டிருந்தாள். அப்பா மூக்கைச் சுருக்கினார். முடியாது என்று அர்த்தம். அப்பாவுக்கு மூன்றரை வயது. இரட்டைப் பின்னல், பூப்போட்ட சட்டை, வீங்கிப் பளபளக்கும் இடது கன்னம். வீக்கம் கண்ணைப் பாதி மூடியிருந்தது. இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. கடல்நாய்க் கறியைக்கூடத் தள்ளிவிட்டாயிற்று.

அந்த நடைவழியில் காத்திருந்த யாரும் இதைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. இறந்தவர் பெயர் குழந்தைக்கு வந்தால் ஆளும் வந்தமாதிரிதான். ஊலாயுவின் அப்பா கவாவோ இலையுதிர்காலத்தில் இறந்துபோனார். அப்போது அவளுக்கு ஏழாவது மாதம். ஒருநாள் கனவில் வந்து சமையலறை வாசலில் நின்றார். தோளில் பனி, அது உருகவில்லை. "மகளே, டீ இருக்கா? சக்கர தூக்கலா போடு" என்றார். அவள் டப்பாவை எட்டி எடுக்கும்போது விழித்துவிட்டாள். கனவில் வந்து குடிக்கக் கேட்பவர்கள் திரும்பி வரத்தான் கேட்கிறார்கள். பெண் பிறந்ததும் கவாவோ என்று பெயர் வைத்தாள். குழந்தைக்குப் பேச்சு வந்தபோது அதுவும் அவளை மகளே என்றே கூப்பிட்டது. அன்றிலிருந்து ஊலாயு பாதி அந்தக் கனவுக்குள்ளேயேதான் குடியிருந்தாள்.

அவருடைய கடைசிக் குளிர்காலத்தில், நர்ஸ் சொன்னாள் என்பதற்காக, அவள் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்திருந்தாள். அவர் கேட்பார். இவள் இல்லை என்பாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்தத் திரும்பல் அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துப்போயிருந்தது. ஆகவே திரும்பி வந்தவருக்கு எதையும் இல்லை என்று சொல்வதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். பால்புட்டியில் சர்க்கரை டீ. பிறகு கடையிலிருந்து கலர் சோடா. தூங்கப் போகும்போது வாயில் ஒரு மிட்டாய். பற்கள் முளைத்த வேகத்தில் பழுத்து, கறுத்து, விளிம்பு உதிர்ந்தன. கணவன் ஜேபிட்டியிடம் நேற்று, நீயாவது அதட்டேன் என்று சொன்னபோது அவன் கையை விரித்துவிட்டான். "மாமாவ நான் எப்படி அதட்டுறது? பொண்ணு கேட்டதுக்கே ரெண்டு வருஷம் வாசல்ல நிக்கவச்ச மனுஷன்" என்று சொல்லி, காலையில் பனிவண்டியைக் கிளப்பிக்கொண்டு வேட்டைக்குப் போய்விட்டான். சமர்த்து.

பல் டாக்டர் வருடத்துக்கு இரண்டு தடவை விமானத்தில் வருவாள். ஒரு வாரம் இருப்பாள். நாளைக் காலை கிளம்புகிறாள். நடைவழிக்கே வந்து, குனிந்து கன்னத்தைப் பார்த்து, ஏதோ நீளமாகச் சொன்னாள். மொழிபெயர்க்கிறவள் ஓலிப்பிகா, ஊலாயுவின் சித்தப்பா மகள்.

"நாலு பல்லையும் இன்னைக்கே எடுத்தாகணுமாம். சீழு மேல ஏறுனா கண்ணுக்கு வந்துடும், அதுக்கப்புறம் உசுருக்கே ஆபத்தாம். தெக்க பெரிய ஆஸ்பத்திரியில மயக்கம் குடுத்து எடுக்குறதுக்கு எட்டு மாசம் வரிசையாம்."

டாக்டர் இன்னொன்று கேட்டாள். ஓலிப்பிகா பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு ஏதோ பதில் சொன்னாள்.

"என்ன கேட்டா?"

"இவ்ளோ இனிப்பு ஏன் குடுத்த, வேண்டாம்னு சொல்லத் தெரியாதாங்கிறா. பெத்த அப்பனுக்கு எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு இவகிட்ட எங்கேருந்து ஆரம்பிக்கிறது? கடையில வேற எதுவும் கெடைக்கலன்னு சொல்லிவச்சேன்."

டாக்டர் கைகளால் காட்டினாள். ஒருவர் தலையைப் பிடிக்கலாம், ஒருவர் காலை. குழந்தையை அதட்டினாலே பெயருக்கு வருத்தம் வரும். அமுக்கிப் பிடித்து வாயைப் பிளந்தால் அந்தப் பெயர் கோபித்துக்கொண்டு போயே போய்விடும். ஒரு தடவை அப்பாவைப் பறிகொடுத்தவள் அவள். இன்னொரு தடவைக்கு அவளிடம் தெம்பு இல்லை.

நடைவழி ஜன்னலில் ஏப்ரல் வெளிச்சம் பால்மாதிரி நின்றது. விரிகுடாவும் வானமும் ஒரே வெள்ளை. குழந்தை சுவரில் சாய்ந்து முனகியது. கண்ணின் கீற்றும் மூடிக்கொண்டு வந்தது. ஊலாயு அதையே பார்த்தாள். காய்ச்சலின் சூடு அவள் முகத்தில் அடித்தது.

"கவாவோ" என்றாள்.

ஓலிப்பிகா பேனாவைக் கீழே வைத்தாள். பெற்ற அப்பனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை அந்த நடைவழியில் இருந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"கவாவோ, எந்திரி. அந்த நாற்காலியில ஒக்காரு. வாயத் தொற."

குழந்தை நல்ல கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்பாவின் அதே திரும்பல். ஆனால் அவள் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை. குழந்தை எழுந்து, தானாகவே உள்ளே நடந்து, நாற்காலியில் ஏறி, வாயைத் திறந்தது.

ஊசி போடும்போது மட்டும் அவள் சுண்டுவிரலை இறுக்கிப் பிடித்தது. நான்கு பற்கள் காகிதக் கோப்பையில் ஒவ்வொன்றாக விழுந்தன. இத்தனை சின்னப் பற்களா இத்தனை வேதனை கொடுத்தன என்று இருந்தது அவளுக்கு.

வெளியே வரும்போது கவாவோவைத் தன் குளிர்சட்டையான அமௌத்தியின் முதுகுப் பைக்குள் இறக்கிக்கொண்டாள். அந்தச் சட்டைக்கு மீறி வளர்ந்துவிட்ட பிள்ளைதான். ஆனாலும் இன்று நடக்கவிட மனம் வரவில்லை. தெருவில் ஒருவருமில்லை. நடக்கிறோமா, நின்ற இடத்தில் நிற்கிறோமா என்றே தெரியாத வெள்ளை.

"அப்பா" என்றாள் மெதுவாக.

பின்கழுத்தில் சூடான மூச்சு மட்டும் வந்தது.

"அப்பா, எம்மேல கோவமா? போயிடாதீங்கப்பா. ஒங்களுக்கு வலிக்கக்கூடாதுன்னுதான் அப்படிக் கூப்பிட்டேன்."

பனி காலடியில் நறநறத்தது. கடையைத் தாண்டினாள். தேவாலயத்தைத் தாண்டினாள். மகளே என்று ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும் என்றிருந்தது. அதற்காகத்தான் மெதுவாக நடந்தாள்.

"அம்மா" என்றது மரத்துப்போன வாய். "அம்மா, வலிக்குது."

ஊலாயு சட்டென்று நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. மருத்துவ நிலையம் வரைக்கும் அவளுடைய கால்தடங்கள்தான் இருந்தன. அவளை யாரும் இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. வேறு யாரோ ஒருத்தியைக் கூப்பிட்டதாகத்தான் முதலில் தோன்றியது.

அழுகை வந்தது. எதற்கு வந்தது என்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. "என்னம்மா, இந்தா வந்துட்டேன்" என்றாள். முதுகை லேசாக உலுக்கிப் பார்த்தாள். அப்பா இன்னும் இருக்கிறாரா, பையின் கனம் குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா? பிறகு ஒரு முறை குதித்தாள். நடுத்தெருவில், பனியில், அவள் இன்னும் குதித்துக் குதித்து எடை பார்த்துக்கொண்டிருந்தாள்.