வெயில் போகும் பக்கம்

தோற்றுப்போன இளவரசர் ஈவருக்கு மார்சலிதான் பாவாடை கட்டிவிட்டாள். போர்க்களத்திலிருந்து தப்பி மலையேறி வந்தவரை, கோடைக்கு மாடு மேய்க்க வந்திருந்த பெண்கள்தான் குடிசைக்குக் குடிசை மாற்றி ஒளித்து வைத்திருந்தார்கள். இப்போது எதிரிப் படை ஓடை வரைக்கும் வந்துவிட்டது. ஓட நேரமில்லை.

"தாடிய மழிச்சது நல்லதாப் போச்சு ராசா. கைதான் கடப்பாரையாட்டம் இருக்கு," என்றாள் மார்சலி.

"இது என்ன நாத்தம்?"

"புதுக் கம்பளி. நெசவு இறுகணும்னு மூத்திரத்துல ஊறப்போட்டுத்தான் அடிப்போம். இது உங்களுக்குப் போர்வை. மூக்கச் சுளிக்காம அடிங்க."

நீளப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து, பாட்டுக்குத் தாளமாக ஈரக் கம்பளியை அடித்து அடுத்தவளிடம் தள்ளினார்கள். வெயில் போகும் பக்கமாக, இடக்கைப் பக்கம்தான் தள்ள வேண்டும். எதிர்ப்பக்கம் தள்ளினால் அதைப் போர்த்துகிறவருக்கு ஆகாது. கம்பளி அடிக்கிற இடத்தில் ஆண்கள் காலெடுத்து வைக்கவும் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை நம்பித்தான் மார்சலி அவரை நடுவில் உட்கார வைத்திருந்தாள்.

சமவெளியிலிருந்து வந்த படைத்தலைவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப் போகிறது? கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து நின்றான். அவனுக்கு வழிகாட்ட வந்த ஃபின்லே இந்த மலையில் பிறந்தவன், கூலிக்குப் போனவன். அவன் வாசலைத் தாண்டவில்லை.

பதற்றத்தில் இளவரசர் கம்பளியை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டார்.

பாட்டு நின்றது. மலையில் பிறந்த எந்தப் பெண்ணும் செய்யாத காரியம் அது. ஃபின்லேயின் பார்வை அந்தப் பெரிய கைகளில் போய் நின்றதை மார்சலி பார்த்தாள். அவன் வாயைத் திறந்தால் இளவரசரின் தலை தப்பாது.

"ஏன் பாட்ட நிறுத்திட்டீங்க?" என்றான் தலைவன்.

"நீ உள்ள வந்தேல்ல, துணியே திரும்பிப் போயிடுச்சு," என்று எழுந்தாள் மார்சலி. "பொம்பளைங்க கம்பளி அடிக்கிற எடத்துல உனக்கென்னய்யா வேல? பிடிங்கடி அவன."

பிடித்தார்கள். அந்தக் கம்பளியிலேயே அவனைச் சுருட்டித் தூக்கித் தூக்கிப் போட்டார்கள். நுழைகிற ஆணுக்கு வழக்கம் அதுதான். இளவரசரும் ஆசையாக ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். வெளியே நின்ற சிப்பாய்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"ஃபின்லே, உள்ள வாடா," என்று கம்பளிக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எப்படிங்கய்யா? வந்தா என்னையும் சுருட்டிடுவாங்க."

விட்டதும் தலைவன் யார் முகத்தையும் பார்க்காமல் ஓடைக்கு ஓடினான். படையும் பின்னால் போனது, நாற்றத்துக்குக் கொஞ்சம் தள்ளியே.

ஃபின்லே மட்டும் நின்றான். "புதுப் பொண்ணா?"

"ஆமா, என் சின்னம்மா மக," என்றாள் மார்சலி.

"வெயில் போற பக்கமாத் தள்ளச் சொல்லிக் குடு." தொப்பியைக் கழற்றி, அந்தச் சின்னம்மா மகளைப் பார்த்துத் தலை குனிந்துவிட்டு இறங்கிப் போனான்.

இளவரசர் சிரிக்க ஆரம்பித்தார். தோற்ற நாளிலிருந்து அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மார்சலிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"நான் தப்பாத் தள்ளிட்டேனே, இந்தப் போர்வை எனக்கு ஆகாதே," என்றார் அவர், சிரிப்பினூடே.

"மொதல்ல அதப் போத்துனது யாரு? எல்லாம் அவனோட போயிடுச்சு. உக்காருடி."

உட்கார்ந்தார். அவள் பாட்டை எடுத்தாள். கம்பளி சுற்றிவந்து அவர் கைக்கு வந்தபோது, சரியான பக்கம் தள்ளினார்.