தமிழில் பதினொரு விதிகள்

சிங்களத்தில் விதிகள் பன்னிரண்டு. தமிழில் பதினொன்று. நூலக வாசலில் இரண்டு பலகைகளும் பக்கத்தில் பக்கத்தில்தான் தொங்கின. எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. பலகை என்றால் அதில் ஏதோ எழுதியிருக்கும், மீறினால் யாராவது சத்தம் போடுவார்கள். அதற்கு மேல் நம் ஆட்கள் பலகையைப் பற்றி அலட்டிக்கொள்வதில்லை.

எண்ணித் தெரிந்து வைத்திருந்தவள் ஒருத்திதான், புஷ்பவதி. அந்த நூலகத்தில் பதினான்கு வருடமாக உதவியாளர். தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே உத்தியோகத்தரும் அவள்தான். பலாபத்வலைக்குப் போகும் வீதியோரம் இருந்த அந்தச் சின்ன நூலகத்துக்கு, 2008 கடைசியில் இரண்டு கணினிகளும் இன்டர்நெட்டும் வந்து சேர்ந்தன. கூடவே ஒரு தாளில் விதிகளும் சிங்களத்தில் வந்தன. "இதைத் தமிழ்ல போட்டுத் தாங்க" என்று பெரிய மிஸ் தாளை நீட்டினார். பெரிய மிஸ் என்பது பிரதான நூலகர். சிங்களப் பெண்மணி, நல்ல மனுஷி, தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது.

புஷ்பவதி உட்கார்ந்து எழுதினாள். செருப்பை வெளியே கழற்றவும். ஒருவருக்கு அரை மணி நேரம். ஒரு கணினிக்கு ஒருவர் மட்டுமே. பதிவுப் புத்தகத்தில் பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம், வந்த நோக்கம் ஆகியவற்றை உண்மையாக எழுதவும். இப்படிப் பதினொன்று வரை பேனா ஓடியது. பன்னிரண்டாவதில் நின்றுவிட்டது. கேட்கப்படும் பட்சத்தில் பதிவுப் புத்தகத்தின் விபரங்கள் பொலிசாருக்கு வழங்கப்படும் என்று இருந்தது அது.

யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர் உள்ளவன் பொலிஸ் என்ற சொல்லைக் கண்டாலே வீதிக்கு அந்தப் பக்கம் மாறி நடப்பான். இதையும் எழுதிப் போட்டால் தோட்டத்து லயங்களில் குடியிருக்கும் சனம் ஒன்றுகூடப் படியேறாது என்று புஷ்பவதிக்குத் தெரியும். காசில்லாமல் கிடைக்கிற ஒரே ஒரு நல்ல காரியம், அதையும் பயமுறுத்தி விரட்டுவானேன் என்று நினைத்தாள். தாளை மடித்தாள். "எல்லாம் போட்டாச்சு மிஸ்" என்று கொண்டுபோய்க் கொடுத்தாள். பலகை எழுதுகிறவர் வந்து நீல மையில் பதினொன்றையும் அழகாக எழுதிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி கிடையாது. செய்தது நல்லதுதான் என்று காலையில் தோன்றும், மத்தியானம் அது திருட்டுத்தனமாகத் தெரியும். வீதியில் ஜீப் சத்தம் கேட்டால் கை வேலையில் நிற்காது. புத்தகங்களை அடுக்குவாள், அடுக்கியதையே எடுத்து மறுபடி அடுக்குவாள். இரண்டு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்பதே அவளைப் போட்டுத் தின்றது.

பிறகு முத்துவீரன் வந்தார்.

எல்கடுவப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய ஆள். இப்போது வீதியோரத்து ஸ்பைஸ் கார்டன் ஒன்றில் மிளகுக் கொடிக்கும் கொக்கோவுக்கும் நடுவே பாதை கூட்டுகிற வேலை. யுத்தத்தில், சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர் வரவு நின்றுபோனதால் பாதை கூட்டினாலும் நடக்க ஆளில்லை. செவ்வாயும் சனியும் மத்தியானத்துக்குப் பிறகு முகம் கழுவி, தலை சீவி, நூலகத்துக்கு வந்துவிடுவார்.

அவருடைய அக்கா காத்தாயி, எழுபத்தேழு கலவரத்தில் குடியிருந்த லயத்துக் காம்பரா எரிந்த பிறகு, புருஷனோடு கிளிநொச்சிப் பக்கம் காணி வெட்டிப் பிழைக்கப் போனவள். வருடத்துக்கு ஒரு கடிதமாவது வரும். யுத்தத்தில் வடக்குக்கான பாதை மூடியதோடு அதுவும் நின்றது. இப்போது வன்னியிலிருந்து சனம் ஆயிரக்கணக்கில் வெளியே வந்து முகாம்களில் இருக்கிறது, பத்திரிகைக்காரர்கள் படம் எடுத்து இன்டர்நெட்டில் போடுகிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தப் படங்களில் அக்காவின் முகத்தைத் தேட வந்தார்.

அந்த இன்டர்நெட் லைனில் ஒரு படம் மேலிருந்து கீழாக, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கும். முதலில் வானம், பிறகு கூடாரத்தின் முகடு, பிறகு தலைகள். முகம் வருவதற்குள் அரை மணி நேரம் முடிந்துவிடும். விதி விதிதான் என்று புஷ்பவதி எழுப்புவாள். அவரும் முணுமுணுக்காமல் எழுந்துவிடுவார். மற்றவர்கள் போய் வரிசை காலியானதும் மறுபடி பதிந்துவிட்டு உட்காருவார்.

புஷ்பவதியைப் பயமுறுத்தியது படம் அல்ல, பதிவுப் புத்தகம். மற்றவர்கள் நோக்கம் என்ற இடத்தில் 'படிப்பு' என்றோ 'வேலை விண்ணப்பம்' என்றோ கிறுக்கிவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போவார்கள். முத்துவீரன் அப்படியல்ல. பலகையில் உண்மையாக எழுதவும் என்று இருக்கிறதே. முதல் நாள், வன்னியில் அக்காவைத் தேட, என்று எழுதினார். அடுத்த நாள் அக்காவின் பெயர், புருஷன் பெயர், ஊர். அதற்கடுத்த வாரம் பிள்ளைகள் மூன்று பேரின் பெயரும் வயதும். மூத்தவன் மணிவண்ணன், இருபத்துநாலு. நடுவில் ஒருத்தி, சின்னவனுக்குப் பதினெட்டு. ஒரு கட்டத்துக்குள் நிற்க வேண்டிய பேனா, கட்டத்தைத் தாண்டி ஆறு வரிக்கு நீண்டது.

அந்த வயதில் வன்னியிலிருந்து வருகிற பையன்களை இயக்கத்தில் இருந்தவர்களா என்று எப்படிக் கேள்வி கேட்கிறார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

"அண்ணே, சுருக்கமா எழுதினாப் போதும். பத்திரிகை வாசிக்கனு போட்டா சரி" என்றாள்.

"சுருக்கமா எழுதுனா மேல உள்ளவங்களுக்கு எப்படி மிஸ் வெளங்கும்?" என்றார் அவர்.

பெரிய மிஸ்ஸைத்தான் சொல்கிறார் என்று அவள் நினைத்தாள். அந்த இடத்திலேயே விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், தமிழ்ப் பலகையில் அது ஏன் இல்லை என்று கேட்பார். கேட்டால் பெரிய மிஸ் காதுக்குப் போகும், பிரதேச சபைக்குப் போகும், வேலைக்கே உலை வைக்கும். அடுத்த முறை சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த முறையும் அப்படியே விட்டாள். பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்றுகூட ஒரு நாள் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். சபைப் புத்தகம், ஒவ்வொரு பக்கத்துக்கும் இலக்கம் அடித்து முத்திரை குத்தியிருந்தது. கிழித்தால் அதற்குத் தனியாக ஒரு விசாரணை வரும்.

ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்று மணிக்கு, அவள் நூறு தடவை கேட்டுப் பயந்த ஜீப் சத்தம் நிஜமாகவே வாசலில் வந்து நின்றது. சீருடையில் ஒரு கான்ஸ்டபிள், சாதாரண உடுப்பில் ஓர் அதிகாரி. மரியாதையாகத்தான் பேசினார்கள். இன்டர்நெட் உள்ள இடங்களில் எல்லாம் பதிவுப் புத்தகம் பார்க்கிறார்களாம். பெரிய மிஸ் எடுத்துக் கொடுத்தார்.

அதிகாரி சிங்களப் பதிவுகளை விறுவிறுவென்று புரட்டினார். தமிழ் வந்த இடத்தில் விரல் நின்றது. தலையை நிமிர்த்திப் புஷ்பவதியைப் பார்த்தார்.

"மிஸ், இதெல்லாம் வாசிச்சுச் சிங்களத்தில சொல்லுங்க. இவர் எழுதிக்குவார்."

கான்ஸ்டபிள் ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டார். அன்று செவ்வாய். முத்துவீரன் இரண்டாவது கணினியில், இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருந்தார். திரையில் பாதி வானம் இறங்கியிருந்தது.

புஷ்பவதி வாசித்தாள். உம்மு குல்தூம், பரீட்சை விண்ணப்பம். ஜவாஹிர், படிப்பு. விரல் அடுத்த பதிவுக்கு வந்தது.

"முத்துவீரன். பத்திரிகை வாசிக்க."

கான்ஸ்டபிள் எழுதினார். நாலு பதிவு தள்ளி மறுபடியும் அவர். "முத்துவீரன். பத்திரிகை வாசிக்க." அதிகாரி புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"பத்திரிகை வாசிக்கவா இவ்வளவு எழுதியிருக்கு?"

"விலாசம் கொஞ்சம் நீளம் சேர்."

பின்னால் கதிரை உரசுகிற சத்தம் கேட்டது. புஷ்பவதி திரும்பவில்லை. திரும்பாமலே தெரிந்தது. வர வேண்டாம், வர வேண்டாம் என்று மனசுக்குள் கெஞ்சினாள். முத்துவீரன் வந்து மேசைக்கு முன்னால் நின்றார். சிங்களம் எழுத வாசிக்கத் தெரியாதே தவிர, பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சேர், மிஸ் அவசரத்தில சரியா வாசிக்கல. அது நான் எழுதினது. நானே சொல்றேன்."

சொன்னார். ஒன்று விடாமல் சொன்னார். அக்கா பெயர், புருஷன் பெயர், கிராமம். கான்ஸ்டபிளுக்குப் பெயர் பிடிபடாதபோது நிறுத்தி, இரண்டு தரம், மூன்று தரம் நிதானமாகச் சொல்லிக் கொடுத்தார். மணிவண்ணன், இருபத்துநாலு. சின்னவனுக்குப் பதினெட்டு. சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் ஏறியது. பிறகு புஷ்பவதி பக்கம் திரும்பி, தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"பாத்தீங்களா மிஸ். தோட்டத்துலயும் இப்படித்தான். கூரைத் தகரம் ஒழுகுதுனு ஆபீஸ் புத்தகத்துல எழுதி வச்சா மேல போகும். ஆறு மாசமோ ஒரு வருஷமோ, ஒரு நாளைக்கு ஆள் வந்து கேப்பாங்க. சுருக்கமா எழுதியிருந்தா வந்திருப்பாங்களா?"

மேலே உள்ளவர்கள் என்று அவர் சொன்னது யாரை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இத்தனை மாதமும் அந்த மனுஷன் பதிவு போடவில்லை. மனு எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"ஸ்டேசனுக்கு வந்து ஒரு வாக்குமூலம் கொடுத்திட்டுப் போகலாம்" என்றார் அதிகாரி.

"போவோம் சேர்" என்றார் முத்துவீரன். சட்டைப்பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து, ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தலையைச் சரி செய்துகொண்டார். அதிகாரி புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு புஷ்பவதியை ஒரு பார்வை பார்த்தார். "மிஸ்ஸோட நான் பிறகு பேசுறேன்." பெரிய மிஸ் ஒன்றும் புரியாமல் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வேலையாவது மண்ணாவது என்று அப்போதுதான் வந்தது அவளுக்கு. செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினாள். ஜீப்பின் பின்பக்கம் முத்துவீரன் ஏறி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் கான்ஸ்டபிள். அதிகாரி முன்னால் ஏறிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இவங்க அக்காவத் தேடிக் குடுக்க வரல" என்றாள், மூச்சு வாங்க. "புத்தகத்துல எழுதுறதெல்லாம் பொலிசுக்குக் குடுப்போம்னு ஒரு விதி இருக்கு. சிங்களப் பலகையில போட்டிருக்கு. தமிழ்ல நான்தான் போடாம விட்டேன்."

அவருக்கு உடனே பிடிபடவில்லை. சிரித்த முகம் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தது.

"ஏன் மிஸ்?"

"போட்டா பயந்துக்கிட்டு நீங்க யாரும் வரமாட்டீங்கனு."

முத்துவீரன் யோசித்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள், கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பாள்.

"வந்திருப்பேன் மிஸ்" என்றார். "எனக்கென்ன பயம், நான் போய் ஒக்காந்து பதில் சொல்லிட்டு வந்துருவேன். புள்ளைங்க பேர மட்டும் எழுதியிருக்க மாட்டேன்."

ஜீப் கிளம்பியது. முத்துவீரன் கான்ஸ்டபிளின் மடியிலிருந்த தாளை நோக்கிக் குனிந்து, கடைசியில் இருந்த அந்தப் பேர்களை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கான்ஸ்டபிள் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.