சுவரில் எழுதிய அறுபத்தொன்பது

நர்ஸம்மாவுக்குக் கால் குட்டை. இதில் மறைக்க என்ன இருக்கிறது? நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையைத் தொடாது. அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் பன்னிரண்டு வருஷமாக வீடு வீடாக நடந்து, படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டாள். முட்டி தேய்ந்து நடை தளர்ந்ததும் ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் சொந்த வண்டி இருந்தால் வீட்டுச் சுற்று. இல்லாவிட்டால் வாசலில் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கும் வேலை. டோக்கனாம் டோக்கன்!

சேமிப்பைத் துடைத்தெடுத்துப் பேட்டரி சைக்கிள் வாங்கக் கிளம்பினாள். வீட்டுக்காரரும் கூட வந்தார். கம்பெனியில் ஆள் குறைத்தபோது வேலை போய், ஒன்றரை வருஷமாக ஜன்னலோரமே கதியென்று கிடந்த மனுஷர்.

கடை மெக்கானிக் நல்லவன்தான், ஆனால் கூச்சப் பிறவி. ஃபிரேம் அளவு பார்க்க வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். தொடைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை மேலே ஏற்றி இறுக்கிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். ஆண்களுக்கு அவனே அளந்துவிடுவான். பெண் என்றால் கூட வந்த ஆண் கையில் டேப்பைத் திணித்து, வீட்டில் அளந்து எழுதித் தாருங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொள்வான். டேப்பைப் பெண் கையிலேயே கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? அது அவன் புத்திக்கு எட்டியதே இல்லை.

அன்று சாயங்காலமே வீட்டுக்காரர் அளந்தார். அவள் காலடியில் குனிந்து உட்கார்ந்து டேப்பைப் பிடித்தார். அறுபத்தொன்பது சென்டிமீட்டர். பென்சிலால் சுவரிலும் எழுதினார். மறுநாள் கடைக்குப் போய் அளவை எழுதிக் கொடுத்துவிட்டு வந்ததும் அவர்தான். இத்தனை வருஷத்தில் தனக்காக அவர் இவ்வளவு மெனக்கெட்டதில்லை என்று அவளுக்கு மனசு குளிர்ந்துபோனது. பாவி மகள், நம்பினாள்.

வண்டி வந்தது. சீட்டை அடிவரை இறக்கியும் நுனிவிரல்தான் தரையில் பட்டது. ஓட்டிப் பார்த்த வண்டியைத் திருப்பி எடுக்கமாட்டார்கள். போகப் போகப் பழகிடும் என்றார் வீட்டுக்காரர். நடைபாதை விளிம்பாகத் தேடித் தேடிக் கால் ஊன்றிப் பத்து நாள் ஓட்டினாள். பதினோராம் நாள் சிக்னலில் ஊன்ற விளிம்பு கிடைக்கவில்லை. இருபத்தைந்து கிலோ வண்டி கணுக்கால் மேலேயே சாய்ந்தது.

கட்டுப் பிரித்து ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனபோது வீட்டுச் சுற்று வேறொருத்திக்குப் போயிருந்தது. இவளுக்கு வாசலில் ஸ்டூல் போட்டிருந்தார்கள்.

ஆத்திரம் தாங்காமல் நேரே கடைக்குப் போய் மெக்கானிக்கைப் பிடிபிடியென்று பிடித்தாள். அவன் கோப்பைப் புரட்டி ஆர்டர் சீட்டை எடுத்து நீட்டினான். எண்பத்திரண்டு என்று இருந்தது. வீட்டுக்காரரின் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

வீட்டுக்கு வந்தபோது அவர் வண்டியை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தார். அவள் படுத்திருந்த நாட்களில் தினமும் சுற்றிவிட்டு வருவார். முகத்தில் புதுக்களை ஏறியிருந்தது.

"செருப்பைக் கழட்டிட்டு சுவரோட ஒட்டி நில்லுங்க," என்றாள்.

புத்தகத்தையும் நீட்டினாள். வலிக்கிற காலோடு குனிந்து அளந்தாள். எண்பத்திரண்டு, ஒரு நூல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

அவர் புத்தகத்தை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "நீ எப்படியும் சமாளிச்சுக்குவேன்னு நெனச்சேன். எனக்கும் வெளிய போகணும்னு இருக்காதா? உன்கிட்ட கேக்க வெக்கமா இருந்துச்சு," என்றார்.

"என் கால்ல குனிஞ்சு அளந்தீங்களே, அப்ப வெக்கமா இல்லையா?"

டேப்பைச் சுருட்டி வைத்தாள். அவர் வாய்விட்டுக் கேட்டிருந்தால் தன் வண்டியைக் கொடுக்கமாட்டாளா, இன்னொன்றுக்குச் சீட்டாவது கட்டியிருக்கமாட்டாளா என்று நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு கசந்தது.

மறுநாள் காலை முட்டியும் கணுக்காலும் சேர்ந்து பிராணனை வாங்கின. பஸ் நிறுத்தம் தெருக்கோடியில். வீட்டுக்காரர் வண்டியை வாசலில் நிறுத்தி, தலையைக் குனிந்தபடி, பின்னால் உட்காரச் சொன்னார். முகத்தில் காறித் துப்பத்தான் தோன்றியது அவளுக்கு. ஆனால் எட்டு மணிக்கு டோக்கன் கொடுக்க வேண்டுமே.

ஏறி உட்கார்ந்தாள். அவர் இரண்டு காலையும் தரையில் நன்றாக ஊன்றி நின்று, பிறகு வண்டியைக் கிளப்பினார்.