இடது கோடி

“அண்ணே, என்னை உன் இடதுகைப் பக்கமா நிக்க வை. உன் கேடயத்துல பாதி உனக்கு, பாதி எனக்கு. சின்ன வயசுல ஒரே போர்வைக்குள்ள படுக்கலையா?”

“முழுசையும் நீதான்டா இழுத்துக்குவ. போடா. தம்பியைக் கேடயத்துக்குள்ள ஒளிச்சு வச்சான் தளபதின்னு ஊரே சிரிக்கும்.”

முந்தாநாள் விடியலில் பேசியது. தளபதி நிகாந்தர் தம்பி எவார்கோஸை வரிசையின் இடது கோடிக்கு அனுப்பினான். நிகாந்தர் தன் வலப்பக்கப் படையோடு எதிரியைத் துரத்திக்கொண்டு ஓடியபோது, அந்தக் கோடி உடைந்துபோயிருந்தது.

இப்போது எவார்கோஸோடு சேர்த்து நாற்பது உடல்கள் எதிரியின் காவலுக்குள், வெயிலில். இரு ஊர்களும் தாங்களே ஜெயித்ததாகச் சொல்லின. தன் பிணங்களை முதலில் கேட்பவன் தோற்றவன் என்பது போர் வழக்கம். தோற்றவனுக்கு, இந்தச் சண்டைக்கே காரணமான ஆலிவ் பள்ளத்தாக்கு இல்லை.

“அவனுங்க ஆளுங்களும் நம்மகிட்ட கிடக்கறாங்கல்ல? நாளைக்கு அவனே வந்து கேப்பான்” என்றான் துணைத்தளபதி பிலோன், வெங்காயத்தைக் கடித்தபடி. “அவனுக்கும் மூக்கு இருக்குமில்ல.”

போரில் நிகாந்தரின் இடதுகைப் பக்கம் நின்றவன் பிலோன்தான். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை.

கோட்டை வாசலைக் கடந்து தம்பி மனைவி மெலித்தா வந்தாள். இடுப்பில் எண்ணெய்க் குடுவை, தோளில் வெள்ளைத் துணி.

“குளிப்பாட்டணும் மாமா. இன்னிக்காவது வந்துருவாரா?”

நிகாந்தர் பிலோனைப் பார்த்தான். பிலோன் வெங்காயத்தைக் கீழே வைத்தான்.

“கிளம்பறப்ப என்கிட்ட சொன்னாரு” என்றாள் அவள். “பயப்படாத, அண்ணன் பக்கத்துலதான் நிப்பேன்னு. பக்கத்துலதான நின்னாரு?”

  மெலித்தா நிழல் பார்த்துக் குடுவையை வைத்துவிட்டு அருகில் உட்கார்ந்துகொண்டாள்.

நிகாந்தர் ஈட்டியைச் சுவரில் சாய்த்தான். தலைக்கவசத்தைக் கழற்றினான்.

“நாளை வரைக்கும் பொறுங்க. நீங்க போகக் கூடாது” என்றான் பிலோன். “நாம முதல்ல கேட்டா பள்ளத்தாக்கு போயிரும்.”

“ம்” என்றபடி நிகாந்தர் நடந்தான்.

நடு வெளியில் எதிரித் தளபதி எதிரே வந்தான். அவனுக்கும் இரண்டு நாளாகத் தூக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

“எதுக்கு வந்தீங்க?”

 

“எங்க ஆளுங்களைக் கொடுத்துருங்க. இடது கோடியில கிடக்கறவங்களை.”