கடல் தாண்டி ஊறிய தண்ணீர்

கூட்டு ஆராய்ச்சி ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டாம் ஆண்டில், வேளாண் பல்கலைக்கழகத் தோட்டத்து ஆரஞ்சு மரத்துக்கு விட்ட தண்ணீர், கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த பல்கலைக்கழகத்தின் ஆரஞ்சு மரத்தடியில் ஊறத் தொடங்கியது. அந்த மரத்திலிருந்துதான் நாற்பது ஒட்டுக்குச்சிகள் ஈரத்துணியில் சுற்றி வந்திருந்தன. முப்பத்தொன்பது காய்ந்துபோயின. மிஞ்சிய ஒன்றைத் தோட்டத்து ஒட்டுக்காரம்மா உள்ளூர் நாற்றில் வைத்துக் கட்டினாள், பிடித்துக்கொண்டது. திங்களும் வியாழனும் இங்கே அந்த ஒரு மரத்தடி மட்டும் நனைகிறதே, ஏன் என்று அந்த ஊர்ப் பேராசிரியை எழுதிக் கேட்டார். ஒட்டுக்காரம்மா தண்ணீர் விடும் நாள்கள் அவை. துறைத்தலைவர் அதை ஈரம் அளக்கும் கருவியின் கோளாறு என்று பதில் எழுதி முடித்துவிட்டார்.

நான்காம் ஆண்டுக் கோடையில், நிலமெல்லாம் வெடித்துக் கிடந்தபோது, ஒரு நாள் காலை அந்த ஒரு மரத்தைச் சுற்றி மட்டும் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது.

“குழாய் உடைஞ்சிருக்கும்மா, மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க” என்றார் துறைத்தலைவர்.

“மோட்டார் ஓடி மூணு நாளாச்சு சார். இது நம்ம தண்ணி இல்ல, ஜில்லுன்னு இருக்கு. அங்க என்னமோ ஆயிருச்சு” என்றாள் ஒட்டுக்காரம்மா.

மதியம் பேராசிரியையிடமிருந்து தொலைபேசி வந்தது. அங்கே ஆறு கரையை உடைத்து, நானூறு மரங்களும் வெள்ளத்தில் நின்றன. நோய் தாங்கும் மரம் அவற்றில் ஒன்றே ஒன்று, ஒட்டுக்குச்சிகள் தந்த அந்த மரம்தான். அதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியைக்குப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. படகுகூடப் போக முடியவில்லை என்றார் அவர். இங்கே இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன.

ஒட்டுக்காரம்மா யாரையும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்து மரத்தடியிலிருந்து வடிகால் வெட்ட ஆரம்பித்தாள்.

“அக்கா, கடலையே வடிக்கப் போறியா?” என்றாள் கூட வேலை செய்த தங்கை.

“கடலை எதுக்குடி? ஒரு மரத்தடியை வடிச்சாப் போதும்.”

தங்கையும் இறங்கினாள். மூன்றாம் நாள் துறைத்தலைவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது நாள் தண்ணீர் ஓடியது. யாருக்கும் பெயர் தெரியாத மீன்கள் வந்தன. அந்நிய எழுத்தில் எண் பொறித்த தகரத் துண்டுகள் வந்தன. அங்கே மரங்களில் கட்டியிருந்த அடையாளத் தகடுகள். துறைத்தலைவர் ஒவ்வொன்றாகத் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வெள்ளம் வடிவதற்குள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது மரங்கள் செத்துப்போயின. படகு ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது, மிஞ்சிய மரத்தைச் சுற்றிப் பத்தடிக்கு நிலம் காய்ந்திருந்தது. அதற்கு அப்பால் வெள்ளம் இடுப்பளவு சுவராக நின்றிருந்தது.

பேராசிரியை அடுத்த மாதமே வந்தார். வரவேற்க நின்றவர்களைக் கடந்து நேரே தோட்டத்துக்குப் போய், ஒட்டுக்காரம்மாவின் தோலுரிந்த கைகளை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதார்.

“அழாதீங்கம்மா, நம்ம மரம்தானே” என்றாள் அவள். எந்த மரம் என்று கூட வந்த மொழிபெயர்ப்பாளர் கேட்கவில்லை.

இப்போது ஆண்டுக்கு ஆறு பேர் அங்கிருந்து பயிற்சிக்கு வருகிறார்கள். ஒட்டுக்காரம்மாதான் சொல்லிக்கொடுக்கிறாள். முதல் பாடம், கத்தி பிடிப்பது. இரண்டாவது, தண்ணீர் திறப்பதற்கு முன்னால் உங்கள் ஊருக்குப் போன் போட்டு அங்கே மழையா என்று கேட்டுக்கொள்வது. எல்லோரும் குறித்துக்கொள்கிறார்கள்.